மதிலுக்கு இந்தப் பக்கம் எலுமிச்சை, அந்தப் பக்கம் தைம்

நம் ஊரில் சென்ட் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு நேரம் நிக்கும்?" என்பதுதான். என்ன வாசனை, யார் செய்தது, எதிலிருந்து எடுத்தது, அதெல்லாம் அப்புறம். காலையில் அடித்தால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். முடிந்தால் சட்டையைத் துவைத்த பிறகும் நிற்க வேண்டும். அத்தரும் அகிலும் பார்த்துப் பழகிய ஊர், வேறெப்படிக் கேட்கும்? மதுரையில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு ஒரு முறை வெளியூரிலிருந்து திரும்பும்போது ஒரு சின்னப் புட்டி வாங்கி வந்தேன். மூலிகையும் எலுமிச்சையும் கலந்த வாசனை. மத்தியதரைக் கடல் நிலத்தின் மணம் என்று அட்டையில் போட்டிருந்தது. மணிக்கட்டில் அடித்து முகர்ந்து பார்த்தவர், "என்னடா இது, ஓமத்தண்ணி வாடை வருது. கூடவே பாத்திரம் விளக்குற சோப்பு" என்றார். நான் பல் துலக்கி, குளித்து, சாப்பிட உட்கார்வதற்குள் அடுத்த தீர்ப்பும் வந்துவிட்டது: "அதுவும் போயிடுச்சேடா."

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதுதான் என்னை விடாமல் அரித்தது. தைம் செடியின் முக்கியமான மணப்பொருள் தைமால். நம் ஓமத்தின் காரமும் அதே தைமால்தான். ரோஸ்மேரியில் கணிசமாக இருக்கும் சினியோல், ஊட்டியில் புட்டி புட்டியாக விற்கும் நீலகிரித் தைலத்தின் உயிர். எலுமிச்சைத் தோலின் லிமோனினும் சிட்ராலும் எந்தெந்தச் சோப்பில் இருக்கின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, ஐரோப்பியர் ஒருவருக்கு விடுமுறையும் கடற்கரையும் வெள்ளைச் சுவரும் ஞாபகத்துக்கு வரும் அதே கலவை, மதுரை மூக்கில் வயிற்று வலியும் ஜலதோஷமும் அடுப்படியுமாகப் போய் இறங்குகிறது. சரி, மூக்குக்கு மூக்கு வேறு என்று விட்டுவிடலாம். எனக்குள் நின்ற கேள்வி வேறு. அட்டையில் சொன்ன அந்த நிலம் நிஜமாகவே எங்காவது இருக்கிறதா? எலுமிச்சையும் ரோஸ்மேரியும் தைமும் ஒரே காற்றில் மணக்கும் ஓர் இடத்தில் யாராவது நின்றிருக்கிறார்களா? இல்லை, சுற்றுலாத் துறை அச்சடித்த படத்தைச் சாராயத்தில் கரைத்து விற்கிறார்களா?

வடக்கிலிருந்து பார்த்த தெற்கு

இந்த வகை வாசனையின் பாட்டன் கொலோன் என்ற மணநீர். 1709-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் தொடங்கிய ஃபரினா குடும்பத்துக் கடைதான் அதன் பிறந்த வீடு. ஜோஹன் மரியா ஃபரினா இத்தாலிக்காரர். தான் கண்டுபிடித்த கலவை மழைக்குப் பிந்தைய ஆரஞ்சுப் பூக்களையும், மலையில் பூக்கும் நார்சிசஸ் பூக்களையும், ஓர் இத்தாலிய வசந்தகாலக் காலையையும் ஞாபகப்படுத்துகிறது என்று அதற்கு முந்தைய வருடம் தன் சகோதரருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அழகான வரிதான். ஆனால் அவர் பிறந்த சாந்தா மரியா மஜ்ஜோரே, ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கில் ஸ்விட்சர்லாந்தை ஒட்டிய ஊர். நார்சிசஸ் அங்கே பூக்கும். பனி விழும் அந்த ஊரில் ஆரஞ்சு மரத்துக்கு இடமில்லை. அதாவது மத்தியதரைக் கடல் வாசனை என்று நாம் இன்று சொல்வதை முதலில் புட்டியில் அடைத்தவர் மலைக்காரர். அடைத்தது ரைன் நதிக்கரையில், மேகம் மூடிய ஒரு வணிக நகரத்தில். வாங்கியவர்கள் குளிர் நாட்டுப் பிரபுக்கள். நெப்போலியன் இந்த நீரைத் தண்ணீர் மாதிரிச் செலவழித்தார். தெற்கில் இருப்பவனுக்குத் தெற்கின் வாசனை எதற்கு? அது வடக்கிலிருப்பவனின் ஏக்கம்.

அதற்குப் பிறகு வந்தவற்றிலும் இந்த ஏக்கத்தின் சாயல் உண்டு. 1981-இல் பிரெஞ்சு வாசனைக்காரர் ஆனிக் கூட்டால் வெளியிட்ட 'ஓ தாட்ரியன்' எனக்கு மிகப் பிடித்த ஒன்று: சிசிலி எலுமிச்சை, சைப்ரஸ் மரம், கொஞ்சம் கசப்பு. ரோமப் பேரரசர் ஹாட்ரியனின் பெயரைத் தாங்கியது. அதில் கிரேப்ஃப்ரூட்டும் இருக்கிறது. ஹாட்ரியன் இறந்தது கி.பி. 138-இல். கிரேப்ஃப்ரூட் என்ற பழமே பதினெட்டாம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில், பம்பளிமாசும் ஆரஞ்சும் தற்செயலாகக் கலந்து பிறந்தது. பேரரசர் கனவிலும் முகர்ந்திருக்க முடியாது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, வாசனை வரலாற்றுப் பாடம் அல்ல. ஆனால் இந்தப் புட்டிகள் 'நிலம்' என்று சொல்லும்போது எவ்வளவு சுதந்திரம் எடுத்துக்கொள்கின்றன என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இன்னும் ஒரு படி பின்னால் போனால், எலுமிச்சை இனமே அந்த நிலத்துக்குச் சொந்தமில்லை. இமயமலையின் தென்கிழக்கு அடிவாரப் பகுதிகளில் தோன்றிய குடும்பம் அது. சிட்ரான் என்ற தடித்த தோல் பழம் முதலில் மேற்கே போனது. புளிப்பு ஆரஞ்சு அரேபியர்கள் கையோடு பல நூற்றாண்டு கழித்துப் போனது. இனிப்பு ஆரஞ்சு அதற்கும் பிறகு. மழை பெய்யும் கோடைக்குப் பழகிய மரங்களை, கோடையில் வானம் பொட்டுத் தண்ணீர் விடாத ஊரில் கொண்டுபோய் நட்டார்கள். ரோஸ்மேரியும் தைமும் சிஸ்டஸ் என்ற புதர்ச்செடியும் அப்படி இல்லை. அவை அந்தக் கல் தரையின் சொந்தப் பிள்ளைகள். கோடை வறட்சிதான் அவற்றை அப்படி மணக்க வைத்தது. இலை மேல் இருக்கும் நுண்ணிய சுரப்பிகளில் எண்ணெய் சேர்த்துவைத்து, மேய வரும் வாய்க்குக் காரம் காட்டுகின்றன.

மாயோரியில் ஒரு படிக்கட்டு

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. கேள்வி எனக்குள் திரும்பியது தென் இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில்தான். லண்டனில் இருக்கும் பெரியம்மா மகளும் அத்தானும் விடுமுறைக்குக் கூப்பிட்டார்கள். மாயோரி, மினோரி என்று அடுத்தடுத்து இரண்டு சின்ன ஊர்கள். இரண்டையும் இணைக்கும் ஒரு பழைய ஒற்றையடிப் பாதை எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகிறது. பாதை என்று சொன்னாலும் பாதிக்கு மேல் படிக்கட்டுதான். அக்காவுக்குக் கடற்கரையில் படுத்துக்கிடப்பதே போதும். "நீ போய் உன் எலுமிச்சங்காய எண்ணிட்டு வா" என்று அனுப்பிவைத்தாள்.

மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, சாந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கி மதில் எழுப்பி, பின்னால் மண் நிரப்பிச் செய்த தோட்டங்கள் அவை. மரங்களுக்கு மேலே செஸ்ட்நட் கழிகளால் பந்தல். குளிர்காலத்தில் அதன் மேல் வலை விரித்துக் காற்றிலிருந்தும் ஆலங்கட்டியிலிருந்தும் காப்பாற்றுகிறார்கள். முன்பு வலைக்குப் பதில் தழை போடுவார்களாம். தொங்கும் காய் நம் எலுமிச்சை அளவில்லை. நீண்டு, இரு முனையிலும் கூர்ந்து, உள்ளங்கையை நிறைக்கும். போன நூற்றாண்டின் பாதி வரை ஐம்பது கிலோவைத் தாண்டும் கூடைகளைப் பெண்கள் தோளில் சுமந்து அந்தப் படிகளில் இறங்கிக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். நான் வெறும் தண்ணீர்ப் புட்டியோடு ஏறவே மூச்சு வாங்கியது.

தோட்டத்துக்குள் எலுமிச்சை வாசனையே இல்லை என்பதுதான் முதலில் உறைத்தது. யோசித்தால் ஆச்சரியமில்லை. தோலின் எண்ணெய், தோலுக்குள் இருக்கும் பைகளில் பூட்டிக் கிடக்கிறது. நகத்தால் கீறினால்தான் வெளியே வரும். காற்றில் இருந்தது ஈரமண், ஆங்காங்கே பூத்திருந்த பூவின் இனிப்பு, அழுகிய இலை. ஓர் இலையைக் கசக்கினேன். நாரத்தை இலையைக் காம்பு நீக்கி வேப்பிலைக்கட்டிக்கு இடிக்கும்போது எழும் அதே கசந்த பச்சை வாடை, கிட்டத்தட்ட அப்படியே. புளிப்பு ஆரஞ்சின் இலையையும் குச்சியையும் காய்ச்சி வடித்த எண்ணெயைப் பெட்டிகிரேன் என்று சொல்லி எத்தனையோ கொலோன்களில் சேர்க்கிறார்கள். என் சித்தப்பாவுக்கு ஓமம் தெரிந்த மாதிரி எனக்கு வேப்பிலைக்கட்டி தெரிந்தது. குடும்ப மூக்கு.

ஒரு திருப்பத்தில் பெரியவர் ஒருவர் தொட்டியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் பிடித்துவைத்த தண்ணீர். எனக்கு இத்தாலியன் அரைகுறை, அவருக்கு ஆங்கிலம் இல்லை. கையைக் காட்டி மேலே போனால் எங்கே போகும் என்று கேட்டேன். அவர் முகத்தைச் சுளித்து, மேலே ஒன்றுமில்லை, வெறும் புதர் என்பதுபோலக் கையை உதறினார். போனேன். கடைசி மதிலைத் தாண்டியதும் உண்மையில் எல்லாமே மாறிவிட்டது. நிழல் போனது, ஈரம் போனது, கால் கீழே கல் நொறுங்கியது. வெயிலில் காய்ந்த ரோஸ்மேரியும் சிஸ்டஸும் கசக்காமலே, கீறாமலே, தானாக மணந்துகொண்டிருந்தன. சிஸ்டஸ் இலையைத் தொட்டால் பிசின் விரலில் ஒட்டுகிறது. அந்தப் பிசின்தான் சென்ட்டுகளில் சேர்க்கும் லாப்டனம். அது வெள்ளாட்டுத் தாடியில் ஒட்டிக்கொண்டு வரும் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். கிரீட் தீவில் தோல் வார்கள் கட்டிய வாரியால் செடியை அடித்து அதைச் சேகரிக்கும் வழக்கம் நம் காலம் வரை வந்திருக்கிறது.

அந்தக் கடைசி மதிலின் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. அட்டையில் சொல்லும் நிலம் ஒரு நிலம் இல்லை, இரண்டு. ஒன்று தண்ணீர் பாய்ச்சி, மதில் கட்டி, பந்தல் போட்டு, கண்ணும் கருத்துமாகக் காக்கும் தோட்டம். இன்னொன்று யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாத மேய்ச்சல் காடு. தோட்டத்துக்காரருக்கு மேலே இருப்பது 'ஒன்றுமில்லை'. ஆட்டுக்காரருக்குக் கீழே இருப்பது அடுத்தவன் சொத்து. இரண்டும் ஒன்றாக மணக்க வேண்டுமென்றால், நீங்கள் மதிலின் மேல் உட்கார்ந்து, கையில் ஒரு காயைக் கீற வேண்டும். நான் கீழே விழுந்து கிடந்த ஒன்றை எடுத்து வந்திருந்தேன். கீறினேன். சித்தப்பா கையில் அடித்த புட்டி, கிட்டத்தட்ட அப்படியே வந்தது.

மதில் என்பது இங்கே அலங்காரச் சொல் இல்லை. இத்தாலியின் பாண்டெல்லேரியா தீவில் ஊற்றுநீர் கிடையாது, காற்றோ ஓயாது. அங்கே ஒரே ஓர் எலுமிச்சையோ ஆரஞ்சோ வளர்ப்பதற்காக, ஆள் உயரத்தைத் தாண்டி வட்டமாகக் கல் மதில் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே ஒற்றை மரம். 1996-இல் வந்து உலகமெங்கும் விற்ற ஒரு கடல்நீல வாசனைக்கு அந்தத் தீவுதான் தூண்டுதல் என்று விளம்பரத்தில் சொன்னார்கள். மதில் எந்த விளம்பரத்திலும் இல்லை. சிசிலியில் பலெர்மோவைச் சுற்றிய எலுமிச்சைத் தோப்புகளின் கதை இன்னும் கருப்பு. எலுமிச்சையும் ஆரஞ்சும் ஸ்கர்வி நோயைத் தடுக்கும் என்று தெரிந்ததும் ஏற்றுமதி பெருகியது. தோப்பு பணம் காய்க்கத் தொடங்கியது. மதில், காவல், தண்ணீர்ப் பங்கு எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்பட்டது. எலுமிச்சை அதிகம் விளைந்த ஊர்களில்தான் மாஃபியா முன்னதாகத் தலைகாட்டியது என்று 1880-களின் நாடாளுமன்ற விசாரணைப் பதிவுகளை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சோம்பலான வெயில் மதியம் என்று நாம் முகரும் வாசனைக்குள் இவ்வளவு ரகளை.

புட்டிக்குள் இருக்கும் நடை

இதற்குப் பிறகு இந்த வகை சென்ட்டுகளை நான் முகரும் விதமே மாறியது. இவை நேரத்தில் விரிகின்றன. எலுமிச்சை எண்ணெயின் மூலக்கூறுகள் லேசானவை. தோலின் சூட்டில் கால் மணி, அரை மணியில் பறந்துவிடும். அடுத்து மூலிகைகள் கொஞ்சம் நின்று பேசும். கடைசியில் பிசினும் பாசியும் மரமும் தங்கும். சரியாகச் செய்த ஒன்று தோட்டத்தில் தொடங்கி, மதிலைத் தாண்டி, காட்டில் முடிகிறது. நான் மாயோரியில் ஏறிய அதே வரிசை.

அந்த மதிலைத் தாண்டும் இடம்தான் கலவை செய்பவருக்குச் சோதனை. வெறும் எலுமிச்சையிலிருந்து ரோஸ்மேரிக்குப் போனால் படி தவறியதுபோல இருக்கும். பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழம் அங்கேதான் கை கொடுக்கிறது. இத்தாலியின் கால் நுனியில், ரெஜ்ஜோ கலாப்ரியாவை ஒட்டிய ஒடுங்கிய கடற்கரைப் பட்டையில்தான் உலகின் பெர்கமாட்டில் மிகப் பெரும் பங்கு விளைகிறது. முன்பு தோலைக் கையால் கடற்பஞ்சில் அழுத்தி எண்ணெய் எடுத்தார்கள். 1844-இல் நிக்கோலா பரில்லா என்பவர் அதற்கு ஓர் இயந்திரம் செய்தார். ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 200 கிலோ காய் வேண்டும். இந்த எண்ணெயில் லிமோனினோடு லினலூலும் லினலைல் அசிட்டேட்டும் நிறைய இருக்கின்றன. லாவெண்டரின் மணத்துக்கும் முக்கியக் காரணம் அதே இரண்டுதான். ஆக, பெர்கமாட் பாதி எலுமிச்சை, பாதி மூலிகை. ஒரு கால் தோட்டத்தில், ஒரு கால் மலையில். கொலோன் முதற்கொண்டு இந்த வகை முழுவதும் ஏன் அதன் மேலேயே நிற்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. (பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டென் என்று ஒன்று உண்டு. வெயில் பட்டால் தோலில் கருந்தழும்பு விழும். இப்போது பெரும்பாலும் அதை நீக்கித்தான் சேர்க்கிறார்கள். இருந்தாலும் பழைய காலத்துப் புட்டி கிடைத்தால் கழுத்தில் அடித்துக்கொண்டு சித்திரை வெயிலில் போகாதீர்கள்.)

இந்த நடையை நான் முகர்ந்தவற்றில் மிக நன்றாக முடித்தது 1966-இல் தியோர் நிறுவனத்துக்காக எட்மண்ட் ரூட்னிட்ஸ்கா செய்த 'ஓ சவாஜ்'. அவர் பிரான்ஸின் சென்ட் நகரமான கிராஸுக்கு மேலே கப்ரி என்ற மலையூரில், தன் தோட்டத்தின் நடுவே வாழ்ந்தவர். எலுமிச்சை, ரோஸ்மேரி, பேசில், அடியில் ஓக் மரப் பாசி. இவற்றுக்கு நடுவே அன்று புதிதாக வந்திருந்த ஹெடியோன் என்ற செயற்கைப் பொருள். மல்லிகையில் சொற்பமாக இருக்கும் ஒன்றின் நெருங்கிய உறவு அது. எலுமிச்சை பறந்த பிறகும் அந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடிக்கிறது. பாசி மேல் வந்த கட்டுப்பாடுகளால் இன்று அந்த வகைச் சென்ட்டுகள் எதுவும் பழைய மாதிரி இல்லை என்று வயதானவர்கள் புலம்புவார்கள். எனக்கு இன்றைய வடிவமே போதுமானதாக இருக்கிறது.

இப்போது வருபவை பெரும்பாலும் எனக்குப் பிடிப்பதில்லை, காரணம் சித்தப்பாவின் அதே கேள்வி. உலகம் முழுக்க எல்லாரும் "எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டதால், எலுமிச்சைக்குக் கீழே வெள்ளை மஸ்க் என்ற செயற்கைக் கஸ்தூரியையும், மரவாடை தரும் கனமான செயற்கைப் பொருள்களையும் கொட்டுகிறார்கள். முதல் பத்து நிமிடம் தோட்டம். அப்புறம் மதிலைத் தாண்டினால் காடு இல்லை, நட்சத்திர ஓட்டல் அறையின் படுக்கை விரிப்பு. அது எட்டு மணி நேரம் நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். எந்தக் கடற்கரை ஊர் பெயரை அட்டையில் போட்டாலும் போய்ச் சேருவது அதே அறைக்குத்தான்.

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் இந்தக் கேள்வியே வேறு விதமாகத் தீர்ந்திருக்கிறது. துருக்கியில் கொலோன்யா என்று ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். 80 சதவீதம் சாராயம், எலுமிச்சை மணம், லிட்டர் கணக்கில் விலை மலிவாகக் கிடைக்கும். ஒட்டோமான் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து போய், அங்கேயே வேர் விட்டுவிட்டது. விருந்தாளி வந்தால் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி ஊற்றுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஊற்றுவார்கள். தொலைதூரப் பேருந்தில் நடத்துநரின் உதவியாள் வரிசையாக வந்து ஊற்றுவான். 2020-இல் கொரோனா வந்தபோது கடைகளில் வரிசை நின்று வாங்கினார்கள். சில நிமிடங்களில் மணம் போய்விடும், யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மறுபடி ஊற்றுவார்கள், அவ்வளவுதான். ஃபரினா காலத்திலும் கொலோனைப் பயன்படுத்திய விதம் இதற்குப் பக்கத்தில்தான். கைக்குட்டையில் ஊற்றினார்கள், குளிக்கும் நீரில் ஊற்றினார்கள். சொட்டுக் கணக்கில் பார்க்கும் அத்தரின் கணக்கை இதன் மேல் போட்டுப் பார்ப்பதால்தான் 'நிக்கலை' என்ற புகார்.

சென்னை மே மாதத்துக்கு நான் இப்போது செய்வது இதுதான். சின்னப் புட்டியாக வாங்குகிறேன், ஏனென்றால் எலுமிச்சை எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டு, பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் வாடை வந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில், முட்டை வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. தோலை விடச் சட்டையில் கொஞ்சம் அதிகம் தங்குகிறது; வெள்ளைச் சட்டையில் மட்டும் மஞ்சள் கறை படியும், பார்த்து அடிக்க வேண்டும். கடையில் முதல் மோப்பத்தில் முடிவெடுப்பதில்லை. கையில் அடித்துக்கொண்டு வெளியே வந்து ஒரு காபி குடித்து, எலுமிச்சை போனதும் மறுபடி முகர்கிறேன். அங்கே காய்ந்த இலையோ பிசினோ இருந்தால் திரும்பிப் போய் வாங்குகிறேன். படுக்கை விரிப்பு இருந்தால் பஸ் ஏறிவிடுகிறேன்.